மேலே சாயம், அடியில் உளுத்த சட்டம்: மரத்தளம் அமைக்கவிருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டின் பின்புறம் திறந்தவெளியில் நாங்கள் அமைத்த மரத்தளம் மூன்றாவது மழைக்காலத்தைக்கூட முழுமையாகத் தாங்கவில்லை. என் அம்மா கால் வைத்த இடத்தில் பலகை முறிந்து, அவருடைய கால் கணுக்கால் வரை உள்ளே இறங்கிவிட்டது. எலும்பு முறியாமல் தப்பினார். அதன்பின் தளம் முழுவதையும் பிரித்தபோது கண்டவற்றை, மற்றவர்களுக்கும் இந்த நிலை வரக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஒப்பந்ததாரர் முதலில் காட்டிய மாதிரித் துண்டு வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உட்பகுதி, பாய்ந்த தேக்கு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்கு வந்திறங்கிய பலகைகளிலோ ஏற்கெனவே அடர்பழுப்புச் சாயம் ஏற்றப்பட்டிருந்தது. வெயிலில் நிறம் மங்காமல் இருப்பதற்காக முன்கூட்டியே பூசியதாகச் சொன்னார், நாங்களும் நம்பினோம். பிரித்தெடுத்த பலகை ஒன்றைத் தச்சர் இழைத்துக் காட்டியபோது, அதில் பாதிக்கு மேல் வெளுத்த புறப்பகுதியாகவே இருந்தது. தேக்கே ஆனாலும் அதன் வைரம்தான் மழையையும் கறையானையும் எதிர்த்து நிற்கும். வெளுத்த பகுதிக்கு அந்த வலு கிடையாது. மரத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, அதன் எந்தப் பகுதி என்பதைச் சாயத்தால் மறைத்ததை ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

பலகைகளைத் தாங்க அடியில் இருந்த மரச்சட்டங்களின் நிலை இதைவிட மோசம். அவை உளுக்காமல் காக்கும் மருந்து ஏற்றிய மரம் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. மருந்து ஏற்றுவதென்றால், மூடிய உருளைக்குள் மரத்தை வைத்துக் காற்றை வெளியேற்றி, அழுத்தம் கொடுத்து மருந்தை உள்ளே செலுத்துவதாகும். எங்கள் சட்டத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் மருந்தின் பச்சை நிறம் நகத்தின் கனம்கூட உள்ளே போகவில்லை. தூரிகையால் பூசி அனுப்பியிருக்கிறார்கள். அதன் முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். சுத்தியல் தேவைப்படாமலே அது பிடிவரை இறங்கியது. வெளியே இழுத்தபோது நுனியில் ஒட்டிக்கொண்டு வந்த ஈரமான கருநார், விரலால் நசுக்கியதும் களிம்பாகிவிட்டது.

ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் மரத்தைப் பூஞ்சை அரிப்பதில்லை. ஆகவே நல்ல மரத்தைத் தேர்ந்தெடுப்பதோடு, நனைந்த மரம் விரைவில் உலர வழி செய்வதும் முக்கியம். எங்கள் பலகைகள் இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடிக்கப்பட்டிருந்ததால், மழைநீர் இறங்க வழியின்றி இணைப்புகளில் தேங்கியது. உலர்ந்த பலகைகளுக்கிடையே 5 அல்லது 6 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். ஈரமாகவே வரும் மரம் காயும்போது சுருங்கும் என்பதால் அதை மட்டும் சற்று நெருக்கமாகப் பொருத்தலாம். அறுத்த முனைகள் வழியாக நீர் பக்கவாட்டைவிடப் பன்மடங்கு வேகமாக ஏறுமாதலால், வேலையிடத்தில் அறுக்கும் ஒவ்வொரு முனைக்கும் மீண்டும் மருந்து பூச வேண்டும். எங்கள் தளத்தில் ஒரு முனைக்குக்கூடப் பூசவில்லை. தூண்களும் நேரடியாகக் காங்கிரீட்டில் புதைக்கப்பட்டு, தரைமட்டத்தில் இற்றுப்போயிருந்தன. அவற்றை இரும்புத் தாங்கியின் மேல், நீர் படாத உயரத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்.

திருகாணிகள் சாதாரண இரும்பு. மருந்து ஏற்றிய மரத்தில் பெரும்பாலும் தாமிரம் கலந்திருப்பதால் வெறும் இரும்பு அதில் விரைவாக அரித்துப்போகும். துருப்பிடிக்காத எஃகோ, உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணியோதான் அங்கே நிலைக்கும். கடலோரமானால் உப்புக்காற்றைக் கூடுதலாகத் தாங்கும் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகையே கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட என்னை நடுங்கவைத்தது வேறொன்று. தளத்தின் ஒரு பக்கச் சுமை முழுவதையும் தாங்கும் சுவரோரச் சட்டத்தை வெறும் ஆணிகளால் அடித்திருந்தார்கள். ஆணி நாளடைவில் சுவரை விட்டு நழுவும். அப்படி நழுவும் நாளில் தளம் மொத்தமாகச் சரியும். அந்த இடத்தில் கனமான போல்ட்டுகளும், சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே நீர் புகாமல் தடுக்கும் தகடும் கட்டாயம் இருக்க வேண்டும். விருந்தினர் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் அதன்மேல் நின்ற மாலையை நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது.

முறையிட்டபோது, மரம் என்றால் உளுக்கத்தான் செய்யும் என்றார் அந்த ஒப்பந்ததாரர். பிறகு தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். எங்கள் கையில் இருந்த ரசீதில் "மரத்தளம் அமைத்த வகைக்கு" என்ற ஒற்றை வரிதான். அதை வைத்து எதையும் நிறுவ முடியவில்லை. மரத்தின் வகை, வைரப்பகுதி மட்டுமே என்ற உறுதி, மருந்து ஏற்றிய முறை, திருகாணியின் உலோகம் ஆகிய அனைத்தையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சாயம் பூசாத பலகைகளையே இறக்கச் சொல்லுங்கள். சட்டங்களின்மேல் பலகை மூடப்படும் நாளில் கட்டாயம் வீட்டில் இருந்து, மூடுவதற்கு முன் ஒவ்வோர் இணைப்பையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.