ஸ்கேனரா, சவர்க்கார நுரையா, மெக்கானிக்கின் காதா? டேர்போ கார் வெட்டினால் எதை முதலில் நம்புவது

"கார் வெட்டுது" என்று கராஜில் போய்ச் சொன்னால், பாதி விசயத்தை நாமே மறைத்துவிடுகிறோம். என்னுடையது 1.4 லீற்றர் பெற்றோல் டேர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சாமான் உள்ளது), ஆறு கியர் மனுவல். அது காட்டிய கூத்துக்கெல்லாம் நானும் அந்த ஒரு சொல்லைத்தான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால் கூத்து ஒன்றல்ல, மூன்று.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் ஏறாவூர் தாண்டி நாலாம் கியரில் பாதி மிதித்துப் பிடித்தால் இழுவை அலை மாதிரி ஏறி இறங்கும். என் கால் அசையாது, கார் மட்டும் ஊஞ்சல் ஆடும். அது ஒன்று. இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு மேல் போகும்போது முழுசாக மிதித்தால் யாரோ பின்னால் பிடித்துப் பிடித்து விடுகிற மாதிரி டக் டக் என்று வெட்டும். அது இரண்டாவது. காத்தான்குடி நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்தால் தவளைப் பாய்ச்சல். அது மூன்றாவது.

முதல் நாடியது கராஜ். மெக்கானிக் பொனட்டைத் திறந்து, டேர்போவிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி விரலால் தடவிக் காட்டினார். எண்ணெய். "தம்பி, டேர்போ போயிற்று. மாத்தினாத்தான் சரி." அந்த விலைக்குப் படுவான்கரையில் நல்ல கறவை மாடு ஒன்று பார்க்கலாம். ஆனால் இன்ஜினின் எண்ணெய் ஆவி அந்த வழியாகத்தான் திரும்பப் போகிறது. ஆகவே ஹோஸுக்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது வழமை. குட்டையாகத் தேங்கி நின்றாலோ, சைலன்சரில் நீலப்புகை வந்தாலோதான் டேர்போவைச் சந்தேகிக்க வேண்டும்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கிளச்சைக் காதாலேயே பிடிக்கிற ஆள் அவர். ஆனால் "மாற்றிப் பார்ப்போம்" என்ற வழிக்கு இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. நம்மிடம் ஓடுவதில் பெரும்பாலானவை வயது போன கார்கள். மாற்றக் கிடைப்பதும் அனேகமாகக் கழற்றிய சாமான். பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற பழைய கொயிலைச் சோதிக்க இன்னொரு பழைய கொயிலைப் போட்டால், எது பிழை என்று யார் சொல்வது?

அடுத்தது ஸ்கேனர். ஈஎல்எம்327 என்று விற்கும் தீப்பெட்டி அளவுச் சாமானைக் காரில் குத்தி, காரின் கணினி சொல்வதைப் போனில் பார்ப்பது. எல்லோரும் பிழையைக் குறிக்கும் கோட் எண்ணை வாசித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கு வந்தது பி0302, இரண்டாவது சிலிண்டரில் மிஸ்பயர், அதாவது அங்கே கலவை சரியாக எரியவில்லை. அது நோயின் பெயர்தான், எந்தச் சாமான் பழுது என்று அது சொல்லாது. இந்த இடத்தில் மாற்றிப் பார்க்கும் வழியே ராசா. புதுச்சாமான் வேண்டாம், இரண்டாம் சிலிண்டர் கொயிலையும் மூன்றாம் சிலிண்டர் கொயிலையும் இடம் மாற்றிவிட்டு ஓட்டினால் போதும். கோட் பி0303 ஆக மாறினால் கொயில் பிழை. எனக்கு மாறவில்லை. பொறி பாய்கிற பிளக்கை இடம் மாற்றினேன், மாறியது. கழற்றி அளந்தால் பொறி பாயும் இடைவெளி 1 மில்லிமீற்றரைத் தொட்டிருந்தது. டேர்போ இன்ஜினுக்கு அனேகமாக 0.7 அளவில் கேட்பார்கள், சரியான கணக்கு அந்தந்தக் காரின் கையேட்டில் இருக்கும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏறப் பொறி பாய்வது கடினம். அதனால் சும்மா ஓடும்போது நல்ல பிள்ளையாக இருக்கும் பிளக், மிதிக்கும்போது மட்டும் வெட்டும். மாரி காலத்தில் மட்டும் வெட்டுகிற கார் என்றால் நான் பிளக்கை விடக் கொயிலையும் அதன் பிளாஸ்டிக் கொழுவியையும் முதலில் பார்ப்பேன். கடற்காற்று அந்தப் பித்தளைக் கால்களில் பச்சை ஏற்றிவிடும்.

டக் டக் போயிற்று. ஊஞ்சல் போகவில்லை.

இங்கேதான் ஸ்கேனர் என்னை நன்றாக ஏமாற்றியது. பியூவல் ட்ரிம் என்று ஒரு கணக்கு உண்டு. கலவையைச் சரிசெய்ய இன்ஜின் எவ்வளவு பெற்றோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைச் சதவீதத்தில் காட்டும். கூட்டல் 10ஐத் தாண்டினால் எங்கோ கணக்கில் வராத காற்று புகுகிறது என்று சந்தேகப்படலாம். எனக்கு 3, 4 என்று சாதுவாக நின்றது. ஆகவே காற்றுக் கசிவு இல்லை என்று முடிவு கட்டினேன். பிழை. வரும் காற்றின் அளவை அளக்கிற சென்சர் உள்ள காரில், டேர்போவுக்குப் பிறகு ஹோஸ் கிழிந்தால் அளந்த காற்று வெளியே போய்க் கலவை கெடும், கறுப்புப் புகை வரும், ட்ரிம் காட்டிக்கொடுக்கும். என் கார் மெனிபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுகிற சாதி. காற்று வழியைத் திறந்து மூடும் த்ரொட்டிலுக்கு முன்னால் எவ்வளவு ஒழுகினாலும், உள்ளே மிஞ்சியதற்கு ஏற்பத்தான் பெற்றோல் ஊற்றும். கலவை சரி, இழுவை பிழை. உங்கள் கார் எந்தச் சாதி என்று தெரியாமல் ட்ரிம் பார்ப்பதில் பலன் இல்லை.

காட்டிக்கொடுத்தது, அந்த மெனிபோல்ட் அழுத்தத்தை அளக்கிற மேப் சென்சரின் எண். ஒரு சின்ன அனுகூலம்: மட்டக்களப்பு கடல்மட்டத்திலேயே கிடப்பதால், இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டால் அது 101 கிலோபாஸ்கல் அளவில் நிற்க வேண்டும். நின்றது. அப்போ சென்சர் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் மச்சானை இருத்திப் போனைக் கொடுத்து, நாலாம் கியரில் பிடித்தேன். 165, 140, 160, 138 என்று ஆடியது. அழுத்தம் ஏறுது, எங்கோ வாய் திறக்குது, இறங்குது, வாய் மூடுது. கோட் ஒன்றும் விழவில்லை. எங்கே அந்த வாய் என்று ஸ்கேனர் சொல்லாது.

சவர்க்கார நுரை சொல்லும். பீவீசீ குழாய் மூடி ஒன்றில் துளை போட்டு டயர் வால்வு இறுக்கி, பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு டேர்போவின் வாயில் அதைக் கிளிப் போட்டேன். எண்ணெய் ஆவி ஹோஸை அடைத்துவிட்டு, இன்ஜின் ஓடாத நிலையில் கொம்பிரசரால் 12 பீஎஸ்ஐ வரை மெதுவாகக் காற்று விட்டேன். காரின் வழமையான பூஸ்ட் (டேர்போ ஏற்றும் அழுத்தம்) அளவுக்கு மேலே போகவே கூடாது, சீல்கள் பிதுங்கும். இன்ஜினுக்குள்ளிருந்து வரும் லேசான சீற்றத்தைக் கணக்கெடுக்க வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போனால், டேர்போக் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் கீழ் ஹோஸில், கிளிப்புக்குப் பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாத பக்கத்தில் நுரை பொங்கியது. கல்லடிக் காற்று தின்ற கிளிப். புகை அடித்துப் பார்க்கிற இயந்திரம் இதைவிடச் சுத்தமான வேலை, ஆனால் மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் புகை விடும் என்பதால், அழுத்தத்தில் மட்டும் வாய் திறக்கும் ஓட்டையை அது சிலவேளை தவறவிடும். இந்த விசயத்தில் என் வாக்கு நுரைக்குத்தான். பொறி வெட்டினால் நுரைக்கு ஒன்றும் தெரியாது, அப்போ வாக்கு ஸ்கேனருக்கு.

இரண்டுக்கும் முன்னால், செலவே இல்லாத ஒரு சோதனை மனுவல் காரில் மட்டும் உண்டு. நாலாம் கியரில் 2000 சுற்றிலிருந்து முழுசாக மிதியுங்கள். சுற்று முள் பாய்ந்து, வேக முள் பின்தங்கினால் அது கிளச் வழுக்குவது. அதையும் நம்மவர்கள் டேர்போ என்றே சொல்வார்கள். வெட்டும்போது சுற்று முள் ஒரு கணம் பூச்சியத்துக்கு விழுந்தால் கிராங்க் சென்சர். இந்தச் சோதனைக்கு ஏற்றம் இருந்தால் நல்லது, நம் ஊரில் மேடு என்றால் கல்லடிப் பாலம்தானே. உண்மையான ஏற்றம் வேண்டுமென்றால் செங்கலடியால் பதுளை வீதி பிடித்து லுணுகலைப் பக்கம் போக வேண்டும். உயர் கியரில் மிதிப்பதே அதற்குப் பதில். 92 ஒக்டேன் பெற்றோல் ஊற்றுகிற ஆளாக இருந்தால் ஒரு தாங்கி 95 ஊற்றியும் பாருங்கள், இன்ஜினுக்குள் கலவை தட்டி எரிவதை உணர்கிற நொக் சென்சர் பொறியைப் பின்தள்ளுவதால் வரும் மந்தம் என்றால் விலகும். எனக்கு விலகவில்லை.

தவளைப் பாய்ச்சலுக்கு ஸ்கேனரும் இல்லை, நுரையும் இல்லை. அதே கராஜ்காரர் கையை வைத்து இன்ஜினை ஆட்டிப் பார்த்தார், பத்து வினாடி. கியர்பெட்டி மவுண்ட் கிழிந்திருக்கிறது. சாமான் இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை காத்தான்குடியில் இரண்டாம் கியர், பாதிக் கிளச்.