விற்பனைச் செயலிக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம்

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கிறேன். செயலியின் பெயர் வேண்டாம், பெரியது. பணம் ஒழுங்காக வருகிறது, கூரியர்க்காரர் வாசலுக்கே வருகிறார். ஆனால் 'கண்டாங்கி' என்று தேடினால் முதலில் நிற்பது செயலி நிறுவனத்தின் சொந்தப் பெயரிலான பாலியெஸ்டர் கட்டச் சேலை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் பருத்திச் சேலை மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறது. சந்தைக் குத்தகைதாரரே முன்வரிசையில் கடை விரித்தால் எங்கள் ஆச்சிமார் சும்மா விடுவார்களா?

பெருநிறுவனங்கள் இப்படித் தம் சரக்கை முன்னிறுத்துவதை ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் தடுக்கிறது. மீறினால் உலகளாவிய விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம். இந்தியாவிலும் 2024 மார்ச்சில் இதே போன்ற டிஜிட்டல் போட்டி வரைவு மசோதா வெளியானது. அதில் விதிகளின் சுமை பெருநிறுவனங்களுக்குத்தான், என் போன்ற கடைக்காரருக்கு அல்ல. சட்டமாகட்டும், மூன்றாவது நட்சத்திரம் தருகிறேன்.