இரண்டு கணினிக்கு ஒரே கீபோர்டு: யுஎஸ்பி ஸ்விட்ச் வாங்கலாமா?

அலுவலக லேப்டாப், வீட்டு டெஸ்க்டாப், இரண்டுக்கும் ஒரே கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் போதும் என்பவர்கள் இந்த நாலு போர்ட் ஸ்விட்சைத் தாராளமாக வாங்கலாம். பட்டனை அழுத்தினால் சில நொடிகளில் எல்லாம் அடுத்த கணினிக்குப் போய்விடுகிறது, தனியாக எந்த மென்பொருளும் வேண்டாம். மானிட்டரும் சேர்ந்து மாற வேண்டுமென்றால் கேவிஎம் ஸ்விட்ச்தான் சரி.

ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், கணினியைப் பொறுத்தவரை அந்தப் பட்டனை அழுத்துவதும் கேபிளைப் பிடுங்குவதும் ஒன்றுதான். ஸ்விட்சில் மாட்டிய ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல் ஏறிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் அந்த ஃபைல் கெடலாம், சில சமயம் டிஸ்க்கே திறக்காமல் போகலாம். முதலில் கணினியில் அந்த டிஸ்க்கை எஜெக்ட் (பாதுகாப்பாகத் துண்டிப்பது) செய்யுங்கள், அப்புறம் மாற்றுங்கள். பிரிண்ட் ஓடும்போதும் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது மின்சாரம். வழக்கமான யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 என்றால் 900, தனி அடாப்டர் இல்லாவிட்டால் ஸ்விட்சில் சொருகிய அத்தனையும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கீபோர்டு, மவுஸுக்கு அது தாராளம். ஹார்ட் டிஸ்க் மாட்டுவதாக இருந்தால் அடாப்டர் போடும் வசதியுள்ள மாடலாகவே பாருங்கள்.

ரொம்ப மலிவான சில ஸ்விட்சுகளில் இரண்டு கணினிகளின் 5 வோல்ட் கம்பிகளும் உள்ளே ஒன்றாகவே இருக்கும், ஒன்றின் மின்சாரம் இன்னொன்றுக்குள் பாயும். பிளக்கைப் பிடுங்கிய டெஸ்க்டாப்பில் விளக்கு மினுக்கினால் யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.