ஐரோப்பாவில் தடை, அமெரிக்காவில் அனுமதி: எது சரி?

ஐரோப்பா விரட்டிய விஷத்தை அமெரிக்காவில் தின்கிறார்கள் என்று பட்டியல் போட்டு மிரட்டும் பதிவுகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் கதை அவ்வளவு நேராக இல்லை.

பொட்டாசியம் புரோமேட் விஷயத்தில் நான் ஐரோப்பா பக்கம். ரொட்டி மாவில் குளூட்டன் என்ற புரதத்தை இறுக்கி, பன்னை நன்றாக உப்ப வைக்கும் உப்பு இது. முழுசாக வெந்தால் அவ்வளவு கேடில்லாத புரோமைடாக மாறிவிடும். அளவு கூடினாலோ வேக்காடு குறைந்தாலோ மிச்சம் ரொட்டியிலேயே தங்கும். எலிகளுக்கு இதனால் சிறுநீரகக் கட்டி வந்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980-களில் காட்டினார்கள். பிரிட்டன் 1990-ல் நிறுத்தியது, கனடா 1994-ல், இந்தியா 2016-ல். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இன்னும் தடை போடவில்லை. கலிபோர்னியா மாநிலச் சட்டத்தின் தடையும் 2027-ல்தான் நடைமுறைக்கு வருகிறது. இத்தனைக்கும் மாவை இறுக்க வைட்டமின் சி-யே போதும். அப்புறம் எதற்கு இந்த வம்பு?

மிட்டாய்க்குப் பளிச்சென்ற வெள்ளை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு வேறு மாதிரி. மரபணுவுக்குக் கேடில்லை என்று உறுதி சொல்ல முடியவில்லை என்றது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2021-ல். கேடு உண்டு என்று சொல்லவில்லை. சந்தேகமே போதுமென்று மறு வருடம் உணவில் தடை வந்தது. அதே ஆதாரங்களை அலசிய பிரிட்டனும் கனடாவும் தடை தேவையில்லை என்று விட்டுவிட்டன. அமெரிக்காவில் எடையில் 1% வரை போடலாம். ஐரோப்பாவிலேயே மாத்திரைகளில் இன்னும் இருக்கிறது! சரி, வெறும் வெள்ளைக்காக இதை வைத்திருக்க வேண்டுமா? வேண்டாம் என்பேன்.

அமெரிக்கா எப்போதும் தாராளம் என்றும் நினைக்க வேண்டாம். விலங்குகளுக்குப் புற்றுநோய் தரும் சேர்பொருளை அனுமதிக்கவே கூடாது என்ற விதி அங்கே 1958-லேயே வந்தது. ஆனால் அதை நடைமுறைப்படுத்துவதில்தான் கோளாறு. ரெட் 3 என்ற சிவப்புச் சாயத்தை 1990-ல் அழகுசாதனங்களில் தடுத்தார்கள். உணவிலிருந்து விலக்கும் உத்தரவு 2025-ல்தான் வந்தது. பூசக் கூடாது, விழுங்கலாம் என்று 35 வருடம் ஓடியது.

சைக்ளமேட் என்ற இனிப்பூட்டியில் எல்லாம் தலைகீழ். எலிகளுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வந்ததென்று அமெரிக்கா 1969-ல் தடையை அறிவித்தது. ஐரோப்பாவில் அளவு வரம்போடு இன்றும் புழக்கத்தில் உண்டு. இது புற்றுநோய் தருவதல்ல என்று 1984-ல் எஃப்டிஏவின் சொந்த மதிப்பீட்டுக் குழுவே சொல்லிவிட்டது. தடை மட்டும் அப்படியே இருக்கிறது.