பெரிய கோயில் காசு என்று சொல்லி 18,500 ரூபாய் அடித்துவிட்டார்கள் – காசு சேர்ப்பவர்கள் படிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்துவிடும், அப்புறம் எழுதமாட்டேன். பெரிய கோயில் ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயம் என்று ஒரு போலியை வாங்கியதில் போனது 18,500 ரூபாய். தீபாவளிக்கு வந்த போனஸ் 16,800, அதோடு கையிலிருந்து 1,700. வீட்டில் பாதித் தொகைதான் சொல்லியிருக்கிறேன். வாங்கும்போது என்னென்ன பார்க்கவேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நான் கும்பகோணம்–தஞ்சாவூர் தடத்தில் கண்டக்டர். 1995-இல் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது பள்ளிக்கூடப் பையன். அதற்காக அடித்த திருவள்ளுவர் படம் போட்ட ஒரு ரூபாயை அப்பா கொடுத்தார். மிட்டாய் வாங்க மனசு வரவில்லை. அப்படி ஆரம்பித்ததுதான். வேலைக்கு வந்த பிறகு பையே எனக்குப் புதையல் ஆகிவிட்டது. காமராஜர் ஐந்து ரூபாய், தமிழில் அண்ணாவின் கையெழுத்தோடு வந்த ஐந்து ரூபாய், பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டு ஐந்து ரூபாய், எல்லாம் டிக்கெட்டுக்கு வந்து விழுந்தவை. சொந்தக் காசு எவ்வளவு என்று வேபில்லில், அதாவது கண்டக்டரின் கணக்குத் தாளில், எழுதிவிட்டுத்தான் வண்டி ஏறவேண்டும் என்பதால் நடுவில் மாற்றிக்கொள்ள முடியாது. டூட்டி முடிந்து பணம் கட்டும்போது கேஷியர் முன்னால் என் காசை வைத்து அதை எடுத்துக்கொள்வேன். "ஒனக்கு வேற வேலையே இல்லையாய்யா" என்பார். இப்படிச் சேர்ந்தது இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில். ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை.

படத்தை மாற்றி மாற்றிக் காசு அடிப்பது சேர்ப்பவனுக்கு நல்லதா கெட்டதா என்று காசு சேர்க்கும் எங்களுக்குள் அடிக்கடி சண்டை வரும். நான் எப்போதும் நல்லது கட்சி. ஒரே அசோகச் சிங்கத்தை வருஷம் பூராவும் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பையன் காசைத் திருப்பிப் பார்ப்பான்? 2022-இல் சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டு முத்திரையோடு 1, 2, 5, 10, 20 என்று வரிசையாக வந்ததே, என் மகளே நாலைந்து நாள் என் பையைத் துழாவினாள்.

ஆனால் அது புழக்கத்துக்கு வரும் காசோடு சரி. இன்னொரு பக்கம் 75, 100, 125, 150, 350, 550 ரூபாய் நினைவு நாணயங்கள் என்று அடித்துக்கொண்டே போகிறார்களே, அதெல்லாம் எந்தப் பஸ்ஸிலும் ஏறாது. நாணயச்சாலையில் அறிவிப்பு வரும்போது பணம் கட்டிப் பெட்டியோடு வாங்கினால் உண்டு, தவறவிட்டால் கைமாற்றி விற்பவன் சொன்னதுதான் விலை. இத்தனை தலைவர், இத்தனை நூற்றாண்டு, இத்தனை உலோகக் கலவை. எவனுக்கு எல்லாம் நினைவிருக்கும்? அந்த மறதியில்தான் போலிக் காசு விற்கும் கூட்டம் பிழைக்கிறது.

இதற்கு என் பஸ்ஸிலேயே தினம் சாட்சி உண்டு. பத்து ரூபாய்க் காசு. 2018-இலேயே ரிசர்வ் வங்கி, இதுவரை 14 வடிவத்தில் வந்திருக்கிறது, பதினாலும் செல்லும் என்று அறிவித்துவிட்டது. அய்யம்பேட்டையில் ஏறும் அம்மா ஒத்துக்கொள்ளமாட்டார். "இதுல ரூபா குறி இல்ல, செல்லாது, வேற குடு தம்பி." நானும் நின்றுகொண்டு பாடம் நடத்துவேன். நல்ல காசைச் செல்லாது என்கிறார்களே என்று டிரைவரிடம் சொல்லிச் சிரிப்பேன். அப்படிச் சிரித்த நான்தான் பித்தளைக்கும் ஆகாத ஒன்றை 18,500 கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

2010-இல் நடந்த பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்காக ஐந்து ரூபாயோடு ஆயிரம் ரூபாய் நாணயமும் வந்தது. இந்தியாவில் முதன்முதலாக வந்த ஆயிரம் ரூபாய் நாணயம் அதுதான். 80 சதவீதம் வெள்ளி, 20 சதவீதம் செம்பு, 35 கிராம், 44 மில்லிமீட்டர் அகலம். தினமும் அந்தக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே டிக்கெட் கிழித்தவன். வெளியானபோது வாங்கக் காசில்லை. ஒருநாள் வாங்கவேண்டும் என்பது பதினைந்து வருஷ ஆசை.

போனில் நடக்கும் ஏலக் குழு ஒன்று. பெயர் சொல்லப்போவதில்லை. நானூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். வைஷ்ணோ தேவி படம் போட்ட காசுக்குப் பத்து லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று ஆசை காட்டும் கும்பல் எனக்குத் தெரியும். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக்கூடக் கமிஷன் கேட்கிறார்கள் என்று 2021-இலேயே எச்சரிக்கை வந்தது. இந்தக் குழு அப்படி இல்லை. மூன்று மாதம் பார்த்தேன். நூறு, இருநூறுக்குச் சின்னச் சின்ன காசு வாங்கினேன், ஒழுங்காக வந்தது. இப்போதுதான் புரிகிறது, அது தூண்டில் புழு.

நவம்பரில் அந்தக் குழுவில் ஒருவன், ஆயிரம் ரூபாய் நாணயமும் ஐந்து ரூபாயும் சேர்ந்த ப்ரூஃப் செட் (சேர்ப்பவர்களுக்கென்றே தனி மெருகோடு அடிப்பது) என்று போட்டான். வெளியே கேட்ட விலையைவிட இரண்டாயிரம் குறைவு. தனியாகக் கூப்பிட்டேன். "அண்ணே, நீங்க தஞ்சாவூர்க்காரவுக, ஒங்களுக்குக் குடுக்காம யாருக்குண்ணே குடுப்பேன்" என்றான். எடை போட்டுக் காட்டு தம்பி என்றேன். பத்தே நிமிஷத்தில் வீடியோ அனுப்பினான். சின்னத் தராசு, பச்சை வெளிச்சத்தில் 35.0. நாணயத்தைத் திருப்பிக் காட்டும் கட்டைவிரல் நகத்தில் ரத்தம் கட்டிய கறுப்புப் புள்ளி. பின்னால் பிரஷர் குக்கர் விசில். அந்த விசில்தான் என்னைக் கவிழ்த்தது. குடும்பஸ்தன், வீட்டில் உட்கார்ந்து நேர்மையாக விற்கிறான் என்று நினைத்தேன். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் டீ ஆறுவதற்குள் 18,500 ரூபாயை யூபிஐ-யில் அனுப்பிவிட்டேன்.

பதினோரு நாள் கழித்துப் பார்சல். பெட்டி அசல் மாதிரியே இருந்தது. உள்ளே நாணயம் எவர்சில்வர் டம்ளர் போல முழுக்க ஒரே பளபளப்பு. ப்ரூஃப் என்றால் பின்புலம் கண்ணாடி போலவும், படம் மட்டும் பனி படிந்த மாதிரியும் இருக்கவேண்டும். இதில் கோபுரமும் மின்னுகிறது, வெற்றிடமும் மின்னுகிறது. மனசுக்குள் ஏதோ சுருக்கென்றது, ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை. மகள் எட்டிப் பார்த்தாள், அவளுடைய பென்சில் பாக்ஸ் மூடியில் காந்தம் இருக்கும். விளையாட்டாகக் கிட்டே கொண்டுவந்தாள். டக். ஒட்டிக்கொண்டது. வெள்ளியும் ஒட்டாது, செம்பும் ஒட்டாது. அவள் சிரித்தாள், நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். மறுநாள் நகைக்கடையில் எடை போட்டால் 27 கிராம் சொச்சம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் 18,500 போனதைவிட எரிச்சல். முதல் நாள், "கூரியர்ல மாத்திருப்பாங்கண்ணே, விசாரிக்கிறேன்." நான்காம் நாள், "பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா? இல்லையா? அப்ப ஒண்ணும் பண்ண முடியாது." ஒரு வாரம் கழித்து, குழு விதியில் திருப்பி எடுப்பதில்லை என்று இருக்கிறதாம். அப்புறம் அண்ணே போய் சார் வந்தது. "சார், மாதிரி நாணயம்னுதானே போட்டிருந்தோம்." தேடிப் பார்த்தால் அந்தப் பதிவே இல்லை, அழித்துவிட்டான். குழுவில் கேட்டேன். நானூறு பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஒருவர் மட்டும் கும்பிடும் படம் போட்டார், எதற்கென்று தெரியவில்லை. ஐந்து நிமிஷத்தில் என்னைத் தூக்கிவிட்டார்கள்.

ஸ்டேஷனுக்கும் போனேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "ஆயிரம் ரூபாக் காச எதுக்குய்யா பதினெட்டாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கின?" என்றார். என்னிடம் பதில் இல்லை. உண்மையிலேயே நல்ல கேள்வி. புகார் எண் வாங்கி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் இதுவரை.

சரி, சொன்ன விவரம். மதியம் டூட்டி இருக்கிறது, சுருக்கமாகவே சொல்கிறேன். வீடியோ கேட்டால் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய துண்டுச்சீட்டை நாணயத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது போனில் படம்பிடியுங்கள். காந்தம், தராசு இரண்டும் இல்லாமல் வெள்ளி நாணயம் வாங்காதீர்கள். ஏமாந்தது தெரிந்த அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுங்கள். நான் அவன் விசாரிப்பான் என்று மூன்று வாரம் காத்திருந்தேன், அதற்குள் பணம் எங்கெங்கோ போய்விட்டது. முடிந்தால் நேரில் பார்த்து மட்டும் வாங்குங்கள். வேறென்ன, பையில் விழும் காசைச் சேர்த்தால் போதும்.

இன்னொன்று. இதை எழுத உட்கார்ந்ததே இதனால்தான். நேற்று ராத்திரி பாபநாசத்து நண்பர் ஒருவர், "மலிவா வருது, வாங்கலாமா?" என்று ஒரு வீடியோவை எனக்கு அனுப்பினார். தராசு, பச்சை வெளிச்சத்தில் 35.0, கட்டைவிரல் நகத்தில் கறுப்புப் புள்ளி, பின்னால் அதே குக்கர் விசில். குழு வேறு. விலை இந்த முறை 19,000.