பிடிஎஃபா, பியோண்டா: விதிநூல் வாங்கிய கதை

போன மாரியில் ஒரு நாள், திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டிஅண்ட்டி) விளையாடிக்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு அது. மைலோ டின்னுக்குள் பகடைகள், நடுவில் சார்ஜ் லைட். கரண்ட் போய் ஒரு மணித்தியாலம். அடித்த காற்றில் சிக்னலும் போய்விட்டது. ஒருத்தன் தன் வீரனை ஓக்ரே பூதத்தின் மேல் பாயவிட்டு, "மடக்கிப் பிடிக்கிறேன்" என்றான். மடக்கிப் பிடித்தால் என்ன விதி? நான் காசு கொடுத்து வாங்கிய விதிநூல் இணையத்தில் இருந்தது. செயலியில் முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் சிக்னல் இல்லாமலும் திறந்திருக்கும். இறக்காமல் விட்டது என் சோம்பல். பூதத்தை ஒரு குத்துமதிப்பில் சாகடித்தோம்.

அதற்குப் பிறகுதான் எதை எங்கே வாங்குவது என்று ஒழுங்காக யோசித்தேன். திருட்டுக் கொப்பி எங்கே கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், அதை விடுவோம். அச்சுப் புத்தகம் தனிச் சுகம்தான், ஆனால் இங்கே வந்து சேரும் செலவை நினைத்தால் ஆசை அடங்கிவிடும். மிஞ்சுவது இரண்டு வழி: விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனத்தின் இணையத் தளமான டிஅண்ட்டி பியோண்ட், இல்லையென்றால் டிரைவ்த்ரூஆர்பிஜி போன்ற கடைகளில் பிடிஎஃப்.

பியோண்டை நான் மூன்று மாதம்தான் பாவித்தேன், அந்த அளவில் சொல்கிறேன். புதிதாக வருகிறவனுக்குப் பாத்திரம் உருவாக்க அதைப்போல் லேசான வழி இல்லை. கூட்டல் கழித்தல் எல்லாம் அதுவே பார்க்கும். மாஸ்டர் சந்தா எடுத்தால் கதை நடத்துபவர் வாங்கிய நூல்களைத் தன் குழுவோடு சட்டப்படியே பகிரலாம். ஐந்து பேருக்கு ஒரு செலவு! இதற்குப் பிடிஎஃபில் ஈடு கிடையாது. நான் வாங்கிய பிடிஎஃபை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அதுவும் திருட்டுக் கொப்பிதான்.

ஆனாலும் நான் பிடிஎஃப் பக்கம். பியோண்டில் வாங்குவது புத்தகம் அல்ல, உங்கள் கணக்கு வழியாக அதைப் படிக்கும் அனுமதி. வீட்டுக்காரர் நல்லவராக இருக்கும்வரை வாடகை வீடும் சொந்த வீடு மாதிரித்தான் இருக்கும். 2024 ஆகஸ்டில், திருத்திய விதிநூல்கள் வரவிருந்த நேரம், பாத்திரத் தாள்களில் இருக்கும் பழைய மந்திரங்களின் இடத்தில் புதியவை வரும் என்று அறிவித்தார்கள். ஆட்கள் கொதித்ததும் சில நாளிலேயே பின்வாங்கினார்கள். பின்வாங்கியது நல்லதுதான். ஆனால் என் அலுமாரியில் இருக்கும் புத்தகத்தின் பக்கத்தை யாரும் வந்து மாற்றிவைக்க முடியாது அல்லவா.

பிடிஎஃப்காரர்களும் துள்ள வேண்டாம். 2009 ஏப்ரலில் விசார்ட்ஸ் நிறுவனம், திருட்டைக் காரணம் காட்டித் தன் பிடிஎஃப்களை எல்லா இணையக் கடைகளிலிருந்தும் ஒரேயடியாக எடுத்தது. வாங்கியவர்களால்கூட அதற்குப் பிறகு கடையிலிருந்து திரும்ப இறக்க முடியவில்லை. ஏற்கனவே இறக்கித் தங்கள் கணினியில் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் நான் வாங்கிய அன்றே இறக்கிவிடுவேன்: டேப்லெட்டில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, அண்ணாவின் லப்டொப்பில் ஒன்று. படம் நிறைந்த நூல்கள் என் பழைய டேப்லெட்டில் பக்கத்துக்குப் பக்கம் திணறும், அதையும் சொல்லவேண்டும்.

இதில் பெரிய முடிச்சு ஒன்று. டிஅண்ட்டியின் ஐந்தாம் பதிப்பு மூலநூல்களை விசார்ட்ஸ் பிடிஎஃபாக விற்பதே இல்லை. அதுதான் வேண்டுமென்றால் பியோண்ட், இல்லை அச்சு. ஆனால் விளையாடத் தேவையான அடிப்படை விதிகள் எஸ்ஆர்டி என்ற பெயரில் இலவசப் பிடிஎஃபாகவே உண்டு. 2023 ஜனவரியில் எஸ்ஆர்டி 5.1, 2025இல் புதிய விதிகளோடு எஸ்ஆர்டி 5.2, இரண்டும் யாரும் பகிரக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில். இதை மட்டும் வாட்ஸ்அப்பில் தாராளமாக அனுப்பலாம். எங்கள் குழு இப்போது ஓடுவதே இதில்தான். இதே மாதிரியான இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டர் பிடிக்குமென்றால் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் தளத்தில் அதன் விதிகள் அனுமதியோடு இலவசம். அதன் பிடிஎஃப்களைப் பைசோ நிறுவனமும் விற்கிறது.

விலை எல்லாம் டொலரில். 20 டொலர் நூல் என்றால் இலங்கைக் காசில் கிட்டத்தட்ட 6,000 ரூபாய், அதனால் பல நூல்களைச் சேர்த்து மலிவாக விற்கும் பண்டில் ஆஃப் ஹோல்டிங், ஹம்பிள் பண்டில் மூட்டைகள் வரும்வரை பொறுப்பேன். இணையத்திலேயே கூடி விளையாடும் ரோல்20 தளத்தில் நான் எதுவும் வாங்கியதில்லை. அதைப்பற்றிக் கதைக்க எனக்குத் தகுதி இல்லை.

டிரைவ்த்ரூவில் வாங்கும் பல நூல்களில் பக்கத்தின் அடியில் வாங்கியவர் பெயரும் ஓடர் இலக்கமும் சின்னதாக இருக்கும். போன கிழமை சண்டை விதிகள் உள்ள ஆறு பக்கத்தை மட்டும் எனக்கென்று பிரிண்ட் எடுக்க ரவுனில் ஒரு கொமினிகேஷனுக்குப் போனேன். கடைப் பொடியன் தாள்களைப் புரட்டிப் பார்த்தான்.

"அண்ணா, எல்லாப் பக்கத்திலயும் உங்கட பேர் கிடக்கு. நீங்கதான் எழுதின புத்தகமா?"

"இல்லை தம்பி, காசு குடுத்து வாங்கினது."

ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்துக்கு இருபது ரூபாய் என்றான்.