7075 ஹேண்டில் கிளாம்ப்: கடல் காற்றில் ஏழு மாதம்

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அதுவும் கடைசல் வேலைக்காகத்தான்.

மலேசியாவின் பேராக் கடலோரத்தில் உள்ள பாகான் டத்தோவில் தோட்டத்து லயத்தில் வீடு, வேலை மீன் ஜெட்டியில், அதனால் என் மோட்டார் சைக்கிள் நாள் முழுக்க உப்புக் காற்றில்தான் நிற்கும். ஹேண்டிலைப் பிடித்து நிறுத்தும் இந்தக் கிளாம்பை இணையக் கடையில் 65 வெள்ளிக்கு வாங்கினேன். 'விமானத்தில் போடும் 7075-டி6 அலுமினியம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், அங்கேதான் விழுந்தேன். பொருள் வந்தபோது குறை சொல்ல ஒன்றுமில்லை: ஓரமெல்லாம் வழுவழுப்பு, ஸ்க்ரூ ஓட்டை கச்சிதம்.

தீபாவளிக்கு மோட்டாரைக் கழுவும்போது ஸ்க்ரூ ஓட்டைக்குப் பக்கத்தில் முடி மாதிரி ஒரு கோடு. அழுக்கு என்று சுரண்டினால் நகம் மாட்டுகிறது! மோட்டார் விழவும் இல்லை, எங்கேயும் இடிக்கவும் இல்லை.

படகு வெல்டிங் செய்யும் அண்ணனிடம் காட்டினேன். "தம்பி, இது ஓட்டினதால விரியல, சும்மா நிறுத்தி வச்சிருந்தாலும் விரியும்" என்றார். ஸ்க்ரூவை முடுக்கியதும் உலோகத்துக்குள் ஓர் இழுப்பு இராப்பகலாகத் தங்கிவிடுகிறது. துத்தநாகமும் மக்னீசியமும் கலந்த 7075-க்கு டி6 என்ற சூட்டுப் பதத்தில் பலம் உச்சம், ஆனால் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அதற்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகளுக்கு நடுவே விரிசல் ஊர்ந்து போகும், அதற்கு உலோகம் தாங்கக்கூடியதைவிட ரொம்பக் குறைந்த இழுப்பே போதும். இரும்பில் துருவைப் பார்த்துச் சுதாரிப்போமே, இதில் அப்படி வெளியே ஒன்றும் தெரியாது. தகட்டின் தடிமன் வாக்கில் இழுப்பு விழுந்தால் இன்னும் மோசமாம், இதை எந்த வாக்கில் வெட்டினார்களோ.

என் தப்பும் உண்டு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைப்பலத்தில் முடுக்கினேன். ஆனாலும் இதே 7075-ஐச் சூட்டில் இன்னும் முதிர வைத்தால் அது டி73. பலத்தில் 10, 15 விழுக்காடு குறையும், இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். டி73 இருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்டேன், பதிலுக்குக் கட்டைவிரல் படம் வந்தது. சரிதான்!

இப்போது 6061-டி6 போட்டிருக்கிறேன். 7075-டி6 வளையத் தொடங்குவது ஏறக்குறைய 500 மெகாபாஸ்கல் இழுப்பில், இது 276-இலேயே வளையும். ஆனால் உப்பில் இந்த மாதிரி விரியும் பழக்கம் இதற்குக் கிட்டத்தட்ட இல்லை, ஹேண்டிலைப் பிடிக்க இந்தப் பலமே தாராளம். பழைய கிளாம்பை அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார், அடுத்து யாராவது 7075 என்று பெருமையடித்துக்கொண்டு வந்தால் காட்டுவதற்கு.